தெளிவான நிரல்

எழுதியவர் பக்கத்தில் இல்லாதபோதும் இன்னொருவர் படித்துப் புரிந்துகொண்டு, பயமில்லாமல் திருத்தக்கூடிய நிரலே தெளிவான நிரல். பத்து வரி தேவைப்படும் வேலையை ஒரே வரியில் அடக்கிக் காட்டுவது சாமர்த்திய நிரல். தந்திரங்களைத் தவிர்ப்பதே தேர்ந்த நிரலரின் அடையாளம் என்று 1972-இல் டூரிங் விருதுப் பேருரையில் கணினி அறிஞர் டைக்ஸ்ட்ரா வலியுறுத்தினார். 1974-இல் பிரையன் கெர்னிகனும் பிளாகரும் நிரல் நடை பற்றித் தனி நூலே எழுதினர். பாடநூல்களில் அச்சான நிரல்களையே எடுத்துத் திருத்திக் காட்டியது அந்நூலின் துணிச்சல்.

தமிழ் உரையைக் கையாளும் நிரல்களில் இந்த வேறுபாடு உடனே தெரிந்துவிடும். காரவள்ளியை எடுத்துக்கொள்வோம், நாமக்கல் மாவட்டத்தில், கொல்லிமலைக்கு ஏறும் 70 கொண்டை ஊசி வளைவுகளின் அடிவாரத்தில் உள்ள ஊர். கா, ர, வ, ள், ளி என்று பள்ளிப்பிள்ளை 5 எழுத்து எண்ணும். பைத்தான் நிரல்மொழியிடம் நீளம் கேட்டால் 8 என்கிறது. யூனிகோடில் துணைக்காலும் புள்ளியும் இகரக் குறியும் தனித்தனிக் குறியெண்கள் என்பதே காரணம்.

ஒரு சொல்லைத் தலைகீழாக்க பைத்தானில் [::-1] என்ற ஆறே குறிகள் போதும். ஆங்கிலத்தில் அது கச்சிதமாக ஓடும். காரவள்ளியில் ஓட்டினால் இகரக் குறி எந்த எழுத்தையும் சேராமல் முதலில் வந்து நிற்கும். துணைக்கால் ககரத்தை விட்டு ரகரத்தோடு ஒட்டிக்கொண்டு ‘ரா’ ஆகிவிடும். நிரல் நிற்பதில்லை, பிழைச்செய்தியும் வருவதில்லை. அதுதான் ஆபத்து.

எழில் நிரல்மொழியை உருவாக்கிய முத்து அண்ணாமலை முன்னின்று வளர்த்த ஓப்பன்-தமிழ் நிரல் நூலகம் எழுத்துகளைப் பிரிக்க நேர்வழியில் போகிறது. சொல்லின் குறிகளை ஒவ்வொன்றாகப் பார்க்கிறது. உயிரோ அகரமேறிய மெய்யோ வந்தால் புதிய எழுத்தைத் தொடங்குகிறது. துணைக்குறி வந்தால் முந்தைய எழுத்தோடு சேர்க்கிறது. வரிகள் கூடுதல்தான். ஆனால் தமிழ் இலக்கணம் தெரிந்த எவரும் அதைப் படித்துச் சரிபார்க்கலாம். அதுவே அதன் பெரிய பலம்.

கொல்லிமலையின் ‘கொ’வில் இன்னொரு சிக்கல் உண்டு. ஒகரக் குறியை ஒரே குறியெண்ணாகவும் எழுதலாம், ஒற்றைக்கொம்பும் துணைக்காலுமாக இரண்டாகவும் எழுதலாம். கண்ணுக்கு இரண்டும் ஒன்றே. கணினி ஒப்பிட்டால் வேறு வேறு. அதனால் தேடலுக்கு முன் உரையை ஒரே வடிவுக்கு மாற்றும் வரி ஒன்று வேண்டும். பின்னால் வருபவருக்கு அது வெட்டி வேலையாகத் தோன்றும், நீக்கிவிடவும் கூடும். அந்த வரி ஏன் இருக்கிறது என்று மேலே எழுதிவைக்கும் ஒரு குறிப்பு அதைக் காக்கும். நல்ல குறிப்புரையின் வேலை காரணத்தைச் சொல்வது; வரி என்ன செய்கிறது என்பதை நிரலே சொல்ல வேண்டும். பைத்தான் 3-இல் மாறிகளுக்குத் தமிழிலேயே பெயரிடலாம் என்பதால் ‘எழுத்து_எண்ணிக்கை’ என்று எழுதவும் தடையில்லை.

வேகம் கட்டாயமாகும் இடங்களில் தந்திரம் தேவைப்படுவதுண்டு. அதைத் தனிச் செயற்கூறாக ஒதுக்கி, காரணத்தை எழுதி, சோதனையோடு வைப்பதே முறை. தமிழ்ச் செயலி எழுதுவோர் தங்கள் சோதனைப் பட்டியலில் இந்த இரண்டையும் சேர்த்துக்கொள்ள வேண்டும்: காரவள்ளி 5 எழுத்து, கொல்லிமலை, ஒகரம் எந்த வடிவில் வந்தாலும், 5 எழுத்து.