முதல் அருவ நீர்வண்ண ஓவியம்: காலமும் கருத்தும்

ஒரு நூலின் காலத்தை ஆராய்வோர், ஏட்டின் இறுதியில் எழுதப்பட்ட ஆண்டினை மட்டும் கொண்டு முடிவு கூறார். நடை, சொல்லாட்சி முதலிய அகச்சான்றுகளையும் ஒப்புநோக்கியே காலத்தை வரையறுப்பர். இம்முறை ஓவிய வரலாற்றிற்கும் பொருந்துமாற்றை ஒரு சிறு நீர்வண்ண ஓவியத்தைக் கொண்டு ஈண்டு ஆராயப் புகுகின்றோம்.

அவ்வோவியம் உருசிய நாட்டு ஓவியர் வாசிலி காண்டின்ஸ்கி (1866–1944) வரைந்தது. பாரிசு நகரத்துப் பொம்பிடு மையத்தின் தொகுப்பைச் சேர்ந்தது. ஏறத்தாழ 50 செ.மீ. உயரமும் 65 செ.மீ. அகலமும் உடைய தாளில் பென்சில், மை, நீர்வண்ணம் ஆகியவற்றால் ஆக்கப்பட்டது. மலை, மரம், மாந்தர் என்று சுட்டத்தக்க உருவம் எதுவும் அதன்கண் இல்லை. சிவப்பும் நீலமும் பச்சையும் கசிந்து பரவ, அவற்றினூடே மெல்லிய கோடுகள் விரைந்தோடுகின்றன. ஓவியரின் கையொப்பமும் 1910 என்னும் ஆண்டும் அதில் உள்ளன. இவ்வாண்டினைச் சான்றாகக் கொண்டே, முதல் அருவ நீர்வண்ண ஓவியம் என அது நெடுங்காலம் போற்றப்பட்டது.

ஆயின் ஆய்வாளர் பலர் இவ்வாண்டினை ஏற்றிலர். 1910ஐ ஒட்டி அவர் வரைந்த பிற ஓவியங்களில் குதிரைமேற் செல்வோரும் குன்றும் கோபுரமும் தேய்ந்த வடிவிலேனும் புலப்படுகின்றன. இவ்வோவியமோ, 1913 நவம்பரில் அவர் தீட்டிய ‘ஏழாம் கோவை’ என்னும் பெரும்படத்திற்காக வரைந்த முன்வரைவுகளை ஒத்துள்ளது. ஆதலின் இது 1913இல் வரையப்பட்டது என்றும், ஆண்டு பின்னர் எழுதப்பட்டது என்றும் அவர்கள் கருதுவர். அகச்சான்று வலிமை வாய்ந்ததாகலின் நாமும் இதனையே ஏற்கின்றோம்.

மூன்றாண்டு வேறுபாட்டால் விளைவது யாதோ எனின், கூறுதும். ‘கலையில் ஆன்மிகம் பற்றி’ என்னும் அவர்தம் நூல் 1911 டிசம்பரில் மியூனிக் நகரில் வெளிவந்தது. ஓவியம் 1910க்கு உரியதாயின், அந்நூல் வெளிவருமுன் திடீரெனத் தோன்றிய புதுமையாகும். 1913க்கு உரியதாயின், நூலிற் கண்ட கொள்கையைக் கையாற் பன்முறை பயின்று பெற்ற பயனாகும்.

அக்கொள்கையின்படி ஒவ்வொரு நிறத்திற்கும் இயக்கமும் ஒலியும் உண்டு. மஞ்சள் காண்பவரை நோக்கி முன்வரும், எக்காளம்போல் ஒலிக்கும். நீலம் உள்நோக்கி ஒடுங்கும். வெளிர்நீலம் புல்லாங்குழலையும், ஆழ்ந்த நீலம் தாழ்குரல் நரம்புக் கருவியையும் ஒக்கும். பச்சை அசைவற்ற அமைதி. வெண்மை, இனித் தோன்றவிருப்பவற்றைத் தன்னுள் அடக்கிய மௌனம்; கருமை, எதிர்காலமற்ற மௌனம்.

இக்கருத்துகளுக்கு நம் சென்னையோடும் ஒரு தொடர்பு உண்டு. அடையாற்றைத் தலைமையிடமாகக் கொண்ட பிரம்மஞான சபையைச் சார்ந்த அன்னி பெசன்ட் அம்மையாரும் லெட்பீட்டரும் எழுதிய ‘எண்ண வடிவங்கள்’ 1905இல் வெளிவந்தது. 1908இல் செருமன் மொழியிலும் வந்தது. அதில் பக்திக்கு நீலமும் அறிவிற்கு மஞ்சளும் உரியனவாக வகுக்கப்பட்டுள்ளன. காண்டின்ஸ்கி தம் நூலில் அச்சபையைக் குறிப்பிடுகின்றார். எனினும் வேறுபாடு பெரிது. அவர்கள் நிறத்தை உணர்வின் குறியீடாகப் பட்டியலிட்டனர். இவர் அதனை உணர்வை எழுப்பும் ஆற்றலாகக் கண்டார். குறியீட்டை அறிய அட்டவணை வேண்டும். ஆற்றலை உணரக் கண்ணே போதும்.

இவ்வாற்றலைச் சோதித்தற்கு நீர்வண்ணம் ஏற்றதொரு கருவி. ஈரத்தாளில் இட்ட நிறம் கைவரையறையைக் கடந்து தானே பரவும். எண்ணெய் வண்ணத்தைப் போலப் பிழையை மேற்பூச்சால் எளிதில் மறைத்தல் இயலாது. தீட்டாது விட்ட தாளே ஒளியாகும். நாம் எடுத்துக்கொண்ட ஓவியத்திலும் நிறங்களுக்கிடையே தாளின் வெண்மை பேரளவில் விடப்பட்டுள்ளது. நூலில் மௌனம் என்று கூறிய வெண்மை ஈண்டுத் தொழிற்படுகின்றது எனலாம்.

இனி, ‘முதல்’ என்னும் பட்டமும் நிலைபெறாது. இலண்டன் நகரத்து ஜார்ஜியானா ஹௌட்டன் அம்மையார், ஆவிகள் தம் கையை இயக்குவதாக நம்பி வரைந்த உருவமற்ற நீர்வண்ணப் படங்களை 1871இலேயே காட்சிக்கு வைத்தார். சுவீடன் நாட்டு ஹில்மா ஆஃப் கிளின்ட் அம்மையார் 1906 முதல் அருவ ஓவியங்களைத் தீட்டினார். தம் மறைவுக்குப் பின் இருபதாண்டு அவற்றைக் காட்டலாகாது என்றும் கூறிச் சென்றார். 1986இல் லாஸ் ஏஞ்சலிஸ் நகரில் நிகழ்ந்த கண்காட்சிக்குப் பின்னரே அவை பரவலாக அறியப்படலாயின.

எனவே முதன்மை என்னும் பெருமை காண்டின்ஸ்கியின் ஓவியத்திற்கு உரியதன்று. அதனால் அதற்கு இழுக்கும் இல்லை. உணர்ச்சி வேகத்தில் ஒருநாளிற் பிறந்ததுபோல் தோன்றும் அஃது, ஆண்டுக்கணக்கான பயிற்சியின் விளைவு என்பது இவ்வாய்வாற் பெறப்படும். எழுதப்பட்ட ஆண்டினை நம்பியிருந்தால், அவ்வுழைப்பை நாம் அறியாது போயிருப்போம்.