வேலை–குடும்ப முரண்பாடு

சம்பள வேலையும் குடும்பமும் ஒரே ஆளிடம் ஒரே நேரத்தில் உழைப்பைக் கேட்கும்போது, ஒன்றுக்குக் கொடுத்தது மற்றொன்றில் குறைவாக விழும் நிலையை வேலை–குடும்ப முரண்பாடு என்கிறார்கள். அமெரிக்க ஆய்வாளர்கள் ஜெஃப்ரி கிரீன்ஹாஸும் நிக்கலஸ் பியூட்டெலும் 1985இல் இதை மூன்றாக வகுத்தார்கள்: நேரம் போதாமை, ஓரிடத்துக் களைப்பு இன்னோரிடத்துக்கு வந்து சேர்வது, வேலையில் எடுபடும் நடத்தை வீட்டில் செல்லாமல் போவது.

தமிழ்நாட்டுக் குடும்பத்துக்கு இந்த வகைப்பாடு பாதிதான் பொருந்தும். இங்கே குடும்பம் கணவன், மனைவி, பிள்ளைகளோடு நிற்பதில்லை. வயதான பெற்றோர், மாமனார் மாமியார், தங்கையின் கல்யாணம், தாய்மாமன் சீர், திருப்பிச் செய்ய வேண்டிய மொய் எல்லாம் அதில் அடங்கும். இவற்றுக்கெல்லாம் பணம் வேலையிலிருந்துதான் வந்தாக வேண்டும். ஆகவே வேலை எவ்வளவு நெருக்கினாலும் விட முடியாது. இரண்டு அழுத்தங்களும் தனித்தனியாக நின்று கூடுவதில்லை; ஒன்றிலிருந்து தப்பும் வழியை மற்றொன்று அடைத்துவிடுகிறது என்பதே இதன் உண்மையான கடுமை.

இதை முதலில் சுமப்பது பெரும்பாலும் மூத்த பிள்ளை. தம்பி தங்கைகளைக் கரையேற்றிய பிறகே தன் வாழ்க்கை என்பது அண்ணனுக்குச் சொல்லாமலே விதிக்கப்படுகிறது; வளைகுடா நாடுகளுக்குப் போனவர்கள் பலர் இந்தக் கணக்கோடுதான் விமானம் ஏறினார்கள். அப்பா இல்லாத, அல்லது அவர் பொறுப்பைக் கைவிட்ட வீட்டில் அந்த இடம் அக்காவுக்கு வருகிறது. கே. பாலசந்தரின் ‘அவள் ஒரு தொடர்கதை’ (1974) படத்தின் நாயகி அப்படி ஒரு பெண்தான். மேற்கு, தென் மாவட்ட நூற்பாலைகளில் நடந்த ‘சுமங்கலித் திட்டம்’ இந்தக் கடமையையே ஆள் பிடிக்கும் கருவியாக்கியது. இளம்பெண்கள் விடுதியில் தங்கி மூன்று ஆண்டுகள் வேலை செய்ய வேண்டும். கல்யாணச் செலவுக்கான மொத்தத் தொகை கடைசியில்தான் கிடைக்கும். உடம்பு முடியாமல் இடையில் வெளியேறிய பலருக்கு அந்தத் தொகை கிடைக்கவில்லை.

திருமணமான பெண்ணுக்கு முரண்பாடு நேரத்தில் தொடங்குகிறது. இந்திய அரசின் 2024ஆம் ஆண்டு நேரப் பயன்பாட்டுக் கணக்கெடுப்பின்படி, சம்பளமில்லாத வீட்டு வேலை செய்யும் பெண்கள் அதற்கு நாளொன்றுக்கு 289 நிமிடம் செலவிடுகிறார்கள். அதே வேலையில் கைகொடுக்கும் ஆண்கள் 88 நிமிடம். திருப்பூர் பனியன் கம்பெனியில் செக்கிங் பிரிவில் நிற்கும் ஒரு பெண்ணின் நாளில் இது எப்படி உட்காரும் என்று பார்க்கலாம். விடியுமுன் எழுந்து தண்ணீர் பிடித்து, சோறு வடித்து, டிபன் பாக்ஸ்களைக் கட்டி முடித்து எட்டரைக்குள் கம்பெனியில் இருக்க வேண்டும். ஆர்டர் அனுப்பும் நெருக்கடி வந்தால் ‘ஒன்றரை ஷிஃப்ட்’. வீடு திரும்ப இரவாகிவிடும். அதன் பிறகு பாத்திரம், துணி, மாவு. மாமியாரோ அம்மாவோ பிள்ளையைப் பார்த்துக்கொண்டால்தான் இந்த நாள் நகரும். அந்த உதவி பெரியது. ஆனால் உதவுகிறவர்களுக்கு அவள் சம்பளத்திலும் விடுமுறை நாளிலும் சொல்லுரிமை வந்துவிடுகிறது.

உடல் இதற்கு விலை கொடுக்கிறது. வாரத்துக்கு 55 மணி நேரமோ அதற்கு மேலோ வேலை செய்பவர்களுக்கு, 35–40 மணி நேரம் வேலை செய்பவர்களைவிடப் பக்கவாத அபாயம் சுமார் 35 விழுக்காடும், இதய நோயால் இறக்கும் அபாயம் 17 விழுக்காடும் அதிகம் என்று உலக சுகாதார நிறுவனமும் பன்னாட்டுத் தொழிலாளர் அமைப்பும் 2021இல் கூட்டாக அறிவித்தன. வீட்டு உழைப்பின் மணி நேரங்கள் அந்தக் கணக்கில் இல்லை. சேர்த்தால் மேலே சொன்ன பெண்ணின் வாரம் 55ஐ எளிதில் தாண்டும்.

மனநலப் பாதிப்பு பெரும்பாலும் வேறு பெயரில்தான் மருத்துவரிடம் வருகிறது: தலைவலி, நெஞ்சுப் படபடப்பு, தூக்கமின்மை, தீராத உடம்பு அசதி. ‘நாலு பேர் என்ன சொல்வார்கள்’ என்ற அச்சமும், வரன் பார்க்கும்போது தெரிந்துவிடும் என்ற கவலையும் வாயை அடைக்கின்றன. பெங்களூரு நிம்ஹான்ஸ் மனநல நிறுவனம் நடத்திய 2015–16 தேசிய மனநலக் கணக்கெடுப்பில், மனச்சோர்வு, பதற்றம் போன்ற பரவலான பாதிப்புகள் உள்ளவர்களில் ஏறத்தாழ 85 விழுக்காட்டினர் சிகிச்சை பெறாதவர்கள். 2022இல் தொடங்கிய ‘டெலி மானஸ்’ இலவச உதவி எண் 14416இல் தமிழிலும் பேசலாம். முகம் காட்டாமல் பேச முடிவதே அதன் பெரிய பலம்.

தீர்வாக நிறுவனங்கள் யோகா வகுப்பும் நேர மேலாண்மைப் பயிற்சியும் நடத்துகின்றன. வேலை நேரத்தையும் வீட்டு வேலைப் பங்கீட்டையும் தொடாத இவற்றால் பெரிய பலன் இருக்க வாய்ப்பில்லை. 2023 செப்டம்பரில் தொடங்கிய கலைஞர் மகளிர் உரிமைத் தொகை வீட்டு உழைப்புக்கு மதிப்புண்டு என்று மாதம் 1,000 ரூபாயாக ஒப்புக்கொண்டது. வேலை நேரம் அதனால் குறையவில்லை. மகப்பேறு விடுப்பு 2017இல் 26 வாரமாக உயர்ந்தது. ஆனால் தனியார் துறைத் தந்தையருக்குச் சட்டப்படியான விடுப்பு வரவில்லை. பெற்றோரைக் காப்பது பிள்ளைகளின் கடமை என்று 2007ஆம் ஆண்டுச் சட்டம் சொல்கிறது. தவறினால் ஜீவனாம்சம் கட்ட உத்தரவிடவும் முடியும். படுத்த படுக்கையான தாயைப் பார்த்துக்கொள்ளத் தனியார் ஊழியருக்கென்று தனி விடுப்பு எதையும் அந்தச் சட்டம் தரவில்லை.