த சிட்டி ஆன் த எட்ஜ் ஆஃப் ஃபாரெவர் (ஸ்டார் டிரெக்)

த சிட்டி ஆன் த எட்ஜ் ஆஃப் ஃபாரெவர் என்பது ஸ்டார் டிரெக் என்னும் அமெரிக்க அறிவியல் புனைகதைத் தொலைக்காட்சித் தொடரின் முதற் பருவத்தில் இடம்பெற்ற இருபத்தெட்டாவது அத்தியாயம் ஆகும். இத்தலைப்புக்கு "முடிவிலாக் காலத்தின் விளிம்பில் உள்ள நகரம்" என்று பொருள் கொள்ளலாம். ஆர்லன் எலிசன் எழுதி, ஜோசப் பெவ்னி இயக்கிய இவ்வத்தியாயம் ஏப்ரல் 6, 1967 அன்று என்.பி.சி. தொலைக்காட்சியில் முதன்முதலாக ஒளிபரப்பானது.

வரலாறு மாறாமல் இருக்க வேண்டுமெனில், தான் நேசிக்கும் ஒரு நல்ல பெண் இறப்பதைத் தடுக்காமல் விட வேண்டும் என்ற நிலைக்குக் கதைத்தலைவன் தள்ளப்படுவதே இதன் கரு. ஒளிபரப்பான வடிவத்துக்கும் எலிசன் முதலில் எழுதிய வடிவத்துக்கும் முக்கிய வேறுபாடுகள் உள்ளன. இரண்டும் தனித்தனியே விருது பெற்றன. எது சிறந்தது என்பது ஸ்டார் டிரெக் இரசிகர்களிடையே நீண்ட காலமாக நடைபெற்று வரும் விவாதங்களுள் ஒன்று.

அத்தியாய விவரம்

- தொடர்: ஸ்டார் டிரெக் (1966–1969)
- பருவம்: 1, அத்தியாயம்: 28
- எழுத்து: ஆர்லன் எலிசன்
- இயக்கம்: ஜோசப் பெவ்னி
- முதன்மை நடிகர்கள்: வில்லியம் ஷாட்னர் (கேப்டன் கிர்க்), லியோனார்ட் நிமோய் (ஸ்பாக்), டிஃபாரஸ்ட் கெல்லி (மருத்துவர் மெக்காய்)
- சிறப்பு நடிகர்: ஜோன் காலின்ஸ் (எடித் கீலர்)

கதைச் சுருக்கம்

23 ஆம் நூற்றாண்டில் எண்டர்பிரைஸ் விண்கலம் அறியப்படாத ஒரு கோளைச் சுற்றி வருகிறது. அக்கோளிலிருந்து எழும் காலச் சிதைவு அலைகள் கலத்தை உலுக்குகின்றன. காயமுற்ற சூலு என்ற அதிகாரிக்கு மருத்துவர் மெக்காய் கார்ட்ரசின் என்ற ஆற்றல் மிக்க மருந்தைச் சிறிதளவு செலுத்துகிறார். அடுத்த அதிர்வில் அம்மருந்து முழுவதும் தவறுதலாக அவர் உடலிலேயே ஏறிவிடுகிறது. சித்தம் கலங்கிய மெக்காய் கோளின் தரைக்குத் தப்பிச் செல்கிறார்.

அவரைத் தேடிச் செல்லும் குழு, இடிபாடுகளுக்கு நடுவே வளைய வடிவிலான ஒரு பேசும் வாயிலைக் காண்கிறது. "என்றென்றின் காவலன்" எனத் தன்னை அறிமுகப்படுத்திக்கொள்ளும் அவ்வாயில் கடந்த காலத்துக்குச் செல்லும் வழியாகும். மெக்காய் அதற்குள் பாய்ந்து மறைகிறார். அந்நொடியே எண்டர்பிரைசுடனான தொடர்பு அறுந்துபோகிறது. மெக்காய் கடந்த காலத்தில் செய்த ஏதோ ஒன்றால் வரலாறு மாறி, அவர்கள் அறிந்த உலகமே இல்லாமற் போய்விட்டது.

அதனைச் சரிசெய்ய கிர்க்கும் ஸ்பாக்கும் 1930 ஆம் ஆண்டின் நியூயார்க் நகருக்குச் செல்கின்றனர். அது பெரும் பொருளாதார மந்தம் நிலவிய காலம். ஏழைகளுக்கு உணவும் தங்குமிடமும் வழங்கும் இல்லத்தை நடத்தும் எடித் கீலர் இருவருக்கும் வேலை தருகிறார். மனிதர் ஒருநாள் விண்வெளிக்குச் செல்வர் என்றும், பசியும் போரும் ஒழியும் என்றும் நம்பும் அவர் மீது கிர்க் காதல் கொள்கிறார்.

ஸ்பாக் அக்காலத்து வானொலிக் குழல்களையும் கம்பிகளையும் கொண்டு தம் பதிவுக்கருவியில் உள்ள தரவுகளைப் படிக்கும் சாதனம் ஒன்றை அமைக்கிறார். அதில் எடித்துக்கு இரண்டு எதிர்காலங்கள் தெரிகின்றன. ஒன்றில் அவர் 1930 இல் சாலை விபத்தில் இறக்கிறார். மற்றொன்றில் உயிர்பிழைத்து, 1936 இல் அமெரிக்கக் குடியரசுத் தலைவர் ரூசுவெல்ட்டைச் சந்திக்கிறார். அவர் தொடங்கும் அமைதி இயக்கம் இரண்டாம் உலகப் போரில் அமெரிக்கா நுழைவதைத் தாமதப்படுத்துகிறது. அந்த இடைவெளியில் செருமனி அணுகுண்டை உருவாக்கிப் போரில் வெல்கிறது. எனவே வரலாறு சரியாக வேண்டுமெனில் எடித் இறக்க வேண்டும்.

இதனிடையே அங்கு வந்து சேரும் மெக்காய், எடித்தின் பராமரிப்பில் உடல்நலம் பெறுகிறார். இறுதியில் மூன்று நண்பர்களும் சாலையோரத்தில் ஒருவரையொருவர் கண்டு மகிழ்ந்திருக்கையில், எடித் அவர்களை நோக்கிச் சாலையைக் கடக்கிறார். விரைந்து வரும் சரக்குந்தை அவர் கவனிக்கவில்லை. காப்பாற்ற ஓடும் மெக்காயைக் கிர்க் இறுகப் பிடித்துக்கொள்கிறார். எடித் இறக்கிறார், வரலாறு மீள்கிறது.

எழுத்தும் திருத்தங்களும்

எலிசன் இக்கதையின் முன்வரைவை 1966 ஆம் ஆண்டு அளித்தார். அவரது திரைக்கதை படமாக்கச் செலவு மிக்கது என்றும், அதன் கதைமாந்தர் தொடரின் இயல்புக்கு ஒவ்வாதவர் என்றும் தயாரிப்பாளர்கள் கருதினர். எலிசன் சில திருத்தங்களைச் செய்தார். அதன் பின்னர் ஸ்டீவன் கராபட்சோஸ், ஜீன் கூன், டி. சி. ஃபொன்டானா, தொடரை உருவாக்கிய ஜீன் ராடன்பெரி ஆகியோர் அடுத்தடுத்துத் திருத்தினர். எனினும் எழுத்தாளர் பெயராக எலிசனின் பெயர் மட்டுமே திரையில் இடம்பெற்றது. தம் பெயருக்குப் பதிலாகக் "கார்ட்வெயினர் பேர்ட்" என்ற புனைபெயரை இடுமாறு அவர் கோரியதை ராடன்பெரி ஏற்கவில்லை.

டிசம்பர் 1966 இல் ஸ்டார் டிரெக் தொடரைக் காக்க இரசிகர்கள் தொலைக்காட்சி நிறுவனத்துக்குக் கடிதம் எழுத வேண்டும் என்று வேண்டுகோள் விடுத்த எழுத்தாளர் குழுவின் சார்பில் கடிதம் அனுப்பியவரும் எலிசனே என்பது இங்கு குறிப்பிடத்தக்கது.

இரு வடிவங்களின் வேறுபாடு

எலிசனின் மூல வடிவத்தில் கடந்த காலத்துக்குத் தப்பிச் செல்பவர் மெக்காய் அல்லர். கலத்தில் போதைப்பொருள் விற்றுக் கொலையும் செய்த பெக்வித் என்ற அதிகாரியே அவ்வாறு செல்கிறார். காலத்தின் காவலர் ஒரு வாயிலாக அன்றி, மிக உயரமான பல உருவங்களாக வருகின்றனர். கோளின் மீது உண்மையிலேயே ஒரு நகரம் உள்ளது. தலைப்பில் உள்ள நகரம் அதுவே. ஒளிபரப்பான வடிவில் அது வெறும் இடிபாடாகிவிட்டதால், தலைப்பு நியூயார்க்கைச் சுட்டுகிறதா என்ற ஐயம் பலருக்கு எழுந்தது.

மிக முக்கியமான வேறுபாடு முடிவில் உள்ளது. மூல வடிவில் எடித்தைச் சாகவிடக் கிர்க்கால் இயலவில்லை. அவரைக் காப்பாற்ற முனையும் பெக்வித்தைத் தடுப்பவர் ஸ்பாக். ஒளிபரப்பான வடிவிலோ அச்செயலைக் கிர்க்கே செய்கிறார்.

மூல வடிவில் முதல் உலகப் போரில் கால்களை இழந்த படைவீரர் ஒருவரும் வருகிறார். கிர்க்குக்கு உதவி செய்து உயிரிழக்கும் அவருடைய சாவால் காலத்தின் போக்கில் எந்த மாற்றமும் நிகழவில்லை எனக் காவலர் கூறுகின்றனர். இக்கதைமாந்தர் ஒளிபரப்பான வடிவில் இல்லை.

விருதுகள்

1968 ஆம் ஆண்டு இவ்வத்தியாயம் சிறந்த நாடகப் படைப்புக்கான ஹியூகோ விருதைப் பெற்றது. அவ்வாண்டு அப்பிரிவில் முன்மொழியப்பட்ட ஐந்து படைப்புகளுமே ஸ்டார் டிரெக் அத்தியாயங்கள் ஆகும். ஹியூகோ விருது அறிவியல் புனைகதை இரசிகர்களின் வாக்குகளால் வழங்கப்படுவது. மறுபுறம், எலிசன் தமது திருத்தப்படாத மூலத் திரைக்கதையை அமெரிக்க எழுத்தாளர் சங்கத்தின் போட்டிக்கு அனுப்பி, அதன் விருதையும் வென்றார். இவ்வாறு ஒரே கதையின் திரையில் கண்ட வடிவத்தை இரசிகர்களும், தாளில் இருந்த வடிவத்தை எழுத்தாளர்களும் பாராட்டினர்.

இரசிகர் விவாதங்கள்

1967 முதல் வெளிவந்த இரசிகர் இதழ்களாலும், 1972 இல் நியூயார்க்கில் தொடங்கிய ஸ்டார் டிரெக் மாநாடுகளாலும் தொடரின் அத்தியாயங்களை நுணுகி ஆராயும் வழக்கம் வளர்ந்தது. இவ்வத்தியாயம் குறித்து அடிக்கடி விவாதிக்கப்படுவன பின்வருமாறு.

எந்த முடிவு சிறந்தது?

மூல முடிவை ஆதரிப்போர், காதலின் முன் கடமையை மறந்து உறையும் கிர்க்கே உண்மையான மனிதர் என்கின்றனர். கிர்க் அங்கு தோற்றாலும் அத்தோல்வி அவரைச் சிறுமைப்படுத்தவில்லை என்பது அவர்கள் வாதம். ஒளிபரப்பான முடிவை ஆதரிப்போர், தடுக்கும் கை கிர்க்கின் கையாக இருப்பதாலேயே துயரம் முழுமை பெறுகிறது என்கின்றனர். மேலும், தடுக்கப்படுபவர் குற்றவாளியாக இல்லாமல், உயிர்காப்பதையே தொழிலாகக் கொண்ட நண்பராக இருப்பது காட்சியின் வலிமையைக் கூட்டுகிறது. தாம் செய்தது என்னவென்று அறிவீரா என மெக்காய் அதிர்ந்து வினவ, அவர் அறிவார் என்று ஸ்பாக் விடையளிப்பது இவ்வடிவில் மட்டுமே பொருந்தும்.

மூலத் திரைக்கதையைப் பல ஆண்டுகள் பலரும் படித்திராததால் அது குறித்துத் தவறான செய்திகள் பரவின. அதில் தலைமைப் பொறியாளர் ஸ்காட்டி போதைப்பொருள் விற்பதாக ராடன்பெரி கூறியது அவற்றுள் ஒன்று. 1976 இல் ஒரு தொகுப்பு நூலிலும், 1996 இல் எலிசனின் நீண்ட முன்னுரையுடன் தனி நூலாகவும் மூலம் வெளியான பின்னர் இது தவறென்று வாசகர்கள் நேரடியாக அறிந்தனர்.

அமைதிவாதம் தவறா?

அமைதியை விரும்பும் பெண் இறந்தால்தான் உலகம் பிழைக்கும் என்ற கரு, வியட்நாம் போர் நடந்துகொண்டிருந்த 1967 இல் ஒளிபரப்பானது. எனவே இது போர் எதிர்ப்பாளர்களுக்கு எதிரான கதை எனச் சிலர் கருதினர். கதையிலேயே இதற்கு மறுமொழி உள்ளது. எடித்தின் கருத்து சரியானது, ஆனால் காலம் தவறானது என்பதே ஸ்பாக்கும் கிர்க்கும் அடையும் முடிவு. கிர்க் வாழும் 23 ஆம் நூற்றாண்டின் பூமி எடித் கனவு கண்ட பூமியே ஆகும்.

வரலாற்று நோக்கிலும் வினாக்கள் எழுப்பப்பட்டன. டிசம்பர் 1941 இல் பேர்ள் துறைமுகம் தாக்கப்பட்ட பின்னரும் ஓர் அமைதி இயக்கத்தால் அமெரிக்காவைத் தடுத்து நிறுத்தியிருக்க முடியுமா என்பது ஒன்று. செருமனியால் உண்மையில் அணுகுண்டு செய்திருக்க முடியுமா என்பது மற்றொன்று. கதையில் கூறப்படும் கனநீர் ஆய்வும் வி-2 ஏவுகணையும் கற்பனை அல்ல. நோர்வேயின் வெமோர்க் ஆலையில் கனநீர் உற்பத்தி 1943 பிப்ரவரியில் நாசவேலையால் தடைபட்டது. வி-2 ஏவுகணைகள் 1944 இல் பயன்படுத்தப்பட்டன. எனினும் போர் முடிந்தபோது செருமானிய ஆய்வாளர்கள் அணுகுண்டிலிருந்து வெகு தொலைவிலேயே இருந்தனர்.

நாடோடியின் சாவு

ஒளிபரப்பான வடிவில், மெக்காயின் கதிர்த்துப்பாக்கியை எடுத்துச் செல்லும் வீடற்ற ஒருவர் அதைத் தவறாக இயக்கி மறைந்துபோகிறார். எடித்தின் உயிர் வரலாற்றையே மாற்றுமெனில், இவரது சாவு எதையும் மாற்றாதது எப்படி என்று இரசிகர்கள் வினவுவர். கதையில் எவரும் அதைக் கவனிப்பதில்லை. மூல வடிவின் படைவீரர் மூலம் எலிசன் எழுப்பியதும் இதே வினாதான். ஆனால் அங்கு கிர்க் அச்சாவை எண்ணி வருந்துகிறார். ஆகவே இவ்விடத்தில் மூலம் ஆழமானது என ஒளிபரப்பான முடிவை விரும்புவோர் சிலரும் ஏற்பதுண்டு.

எடித்தை அழைத்து வந்திருக்கலாமா?

எடித்தை 23 ஆம் நூற்றாண்டுக்கு அழைத்து வந்திருந்தால், 1930 ஐப் பொறுத்தவரை அவர் இறந்ததற்கு அது சமம் அல்லவா என்பது பரவலான வினா. வாயில் எப்போது திறக்கும் என்பது பயணிகளின் கையில் இல்லை, பணி முடிந்த பின்னரே காவலன் அவர்களைத் திருப்பி அழைக்கிறது என்பது பொதுவாகத் தரப்படும் விடை.

காலப் பிழைகள்

கதையில் ஒலிக்கும் "குட்நைட், ஸ்வீட்ஹார்ட்" என்ற பாடல் 1931 இல் எழுதப்பட்டது. எடித் ஆவலுடன் குறிப்பிடும் நடிகர் கிளார்க் கேபிள் 1930 இல் இன்னும் புகழ்பெற்றிருக்கவில்லை. எனினும் அப்பெயரை அறியாத மெக்காயின் நினைவு வந்தே எடித், மெக்காய் என்பவரைப் பற்றிக் கிர்க்கிடம் பேசுகிறார். ஆதலால் கதையின் திருப்பமே இப்பிழையின் மீது அமைந்துள்ளது.

பிற்காலத் தாக்கம்

என்றென்றின் காவலன் தொடரின் பிற படைப்புகளிலும் இடம்பெற்றது. ஃபொன்டானா எழுதி 1973 இல் வெளியான "யெஸ்டர்இயர்" என்ற அசைவூட்ட அத்தியாயமும், 2020 இல் வெளியான ஸ்டார் டிரெக்: டிஸ்கவரி தொடரின் "டெர்ரா ஃபிர்மா" அத்தியாயங்களும் அவற்றுள் சில. 1930 இல் விடப்பட்ட மெக்காய் அங்கேயே வாழ்ந்திருந்தால் என்னவாகியிருக்கும் என்பதை டேவிட் ஆர். ஜார்ஜ் 2006 இல் ஒரு புதினமாக எழுதினார்.

2009 இல் எலிசன் இவ்வத்தியாயத்தின் மூலம் ஈட்டப்பட்ட வருவாயில் தமக்குரிய பங்கைக் கோரி வழக்குத் தொடுத்தார். அது அவ்வாண்டே இணக்கமாக முடிந்தது. 2014 இல் அவரது மூலத் திரைக்கதை வரைகதையாக வெளிவந்தது. அதன் மூலம் இரசிகர்கள் முதன்முறையாக இரு வடிவங்களையும் காட்சிகளாகவே ஒப்பிட முடிந்தது. எலிசன் 2018 ஆம் ஆண்டு காலமானார்.