இடைக்கோட்டின் சம்பிரதாயம்

கணிப்பொறிக்குரிய கட்டளையை முதலில் தட்டச்சு செய்து, அதை நிறைவேற்றும் பிரகாரத்தை இடைக்கோட்டோடு ஒட்டிய எழுத்தால் குறித்து, எந்தக் கோப்பின்மீது அது நடைபெற வேண்டுமென்பதை இறுதியில் எழுதுகிற வழக்கம் இன்று இலக்கணம்போல் நிலைபெற்றிருக்கிறதென்றாலும், யாரும் அதை முன்கூட்டியே சாஸ்திரமாக வகுத்துவைக்கவில்லை. எம்.ஐ.டி. கழகத்தாரும் பெல் ஆராய்ச்சிச்சாலையாரும் ஜெனரல் எலெக்ட்ரிக் ஸ்தாபனத்தாரும் கூடி முனைந்த மல்டிக்ஸ் அமைப்பில் இத்தகைய குறிப்புச் சொற்கள் இடைக்கோட்டுடன் தொடங்கின. 1969-இல் பெல் அம்முயற்சியிலிருந்து விலகிய பின், நியூ ஜெர்சியின் மர்ரே ஹில்லில் கென் தாம்சனும் டென்னிஸ் ரிச்சியும் யூனிக்ஸைப் படைத்தபோது, கோடு தங்கியது, சொல் மட்டும் ஒற்றை எழுத்தாகச் சுருங்கிற்று.

அச்சுருக்கத்தைச் சோம்பலென்று கருதுவது அநியாயம். அவர்கள் உபயோகித்த டெலிடைப் 33 இயந்திரம் வினாடிக்கு 10 எழுத்துகளையே காகிதத்தில் பதிக்க வல்லது. அதன் விசைகளோ விரலை வருத்துபவை. கோப்புகளைப் பட்டியலிட ‘எல்எஸ்’ என்ற இரண்டெழுத்தும், விவரமான பட்டியலுக்கு இடைக்கோட்டுடன் ‘எல்’ என்ற ஓரெழுத்தும் போதுமென்று வைத்தது அந்தச் சிரமத்தை அறிந்தவர்களின் விவேகம்.

வேறு மரபுகளும் இருந்தன. 1981-இல் வந்த எம்எஸ்-டாஸ் இக்காரியத்துக்குச் சாய்கோட்டை எடுத்துக்கொண்டது. 1983-இல் அதன் இரண்டாம் பதிப்பு யூனிக்ஸைப் பின்பற்றி அடுக்கடுக்கான கோப்பகங்களை ஏற்றபோது, யூனிக்ஸ் பாதையைப் பிரிக்கும் சாய்கோடு ஏற்கெனவே வேறு பணியில் அமர்ந்திருந்தபடியால், எதிர்ப்புறம் சாய்ந்த கோட்டை நாட நேர்ந்தது.

யூனிக்ஸிலும் குழப்பம் இல்லாமலில்லை. சி மொழியில் எழுதிய நிரலுக்குச் சொற்களின் எண்ணிக்கையும் வரிசையுமே வந்துசேரும். அவற்றுள் எது இடைக்கோட்டோடு வரும் விருப்பக்குறி, எது கோப்பின் பெயர் என்று பிரித்தறியும் பொறுப்பு அந்தந்த ஆசிரியரைச் சார்ந்ததால், நிரலுக்கொரு வழக்கம் தலையெடுத்தது. இதைச் சீராக்கும் ‘கெட்ஆப்ட்’ என்னும் பொதுச் செயற்கூற்றின் மூலநிரலை ஏடி அண்ட் டி ஸ்தாபனம் 1985-இல் டல்லாஸில் நடந்த யூனிஃபோரம் மாநாட்டில் வெளியிட்டு, யாரும் கைக்கொள்ளலாமென்று பொதுவுடைமையாக்கியது. ஓர் அமைப்பின் உள்வழக்கம் உலகின் சொத்தானதற்கு இந்த ஔதாரியமே முக்கிய காரணமென்பது என் உறுதியான அபிப்பிராயம். அதன் விதிகளுள் ஒன்று நுட்பமானது: இரண்டு இடைக்கோடுகள் தனித்து நின்றால், விருப்பக்குறிகள் அத்தோடு முடிந்தன என்று பொருள், இடைக்கோட்டில் தொடங்கும் பெயருள்ள கோப்பை அழிக்கப் புகுந்தவர்களுக்கு அதுவே கதி. 1983-இலேயே ரிச்சர்டு ஸ்டால்மன் அறிவித்திருந்த க்னூ இயக்கத்தார், பிற்பாடு முழுச் சொல்லாலான விருப்பக்குறிகளுக்கும் அவ்விரு கோடுகளையே முன்னெழுத்தாக்கினர்; ஆயினும் பழைய ஒற்றை எழுத்துகளைக் கைவிடாமல் பக்கத்திலேயே வைத்துக்கொண்டனர்.