அரசாங்கத்தோட துப்பாக்கியை அரசாங்கத்துக்கே விற்ற கதை

உங்கள்ல யாராவது பழைய பைக்கை ஆன்லைன்ல விற்கப் போட்டிருந்தா, விலை சொல்றது எவ்வளவு கஷ்டம்னு தெரியும். புதுசா வாங்கின விலை என்ன, இப்ப கண்டிஷன் எப்படி, வாங்க வர்றவருக்கு எவ்வளவு அவசரம்னு மூணு கேள்வி இருக்கு. முதல் ரெண்டையும் நாம ரொம்ப நேரம் பேசுவோம். விலையை முடிவு பண்றது பெரும்பாலும் மூணாவதுதான்.

இன்னைக்குக் கதை 1861-ல அமெரிக்காவுல நடந்தது. பொருள் செகண்ட் ஹேண்ட் துப்பாக்கி, சுமார் 5,000. பேரு ஹால் கார்பைன். கார்பைன்னா குதிரைவீரர்கள் கையாள வசதியான, குழல் குட்டையான துப்பாக்கி. ஜான் ஹால்னு மெய்ன் மாநிலத்துக்காரர் ஒருத்தர் 1811-ல இந்த அமைப்புக்குக் காப்புரிமை வாங்கினார். அந்தக் காலத்துத் துப்பாக்கிகள்ல மருந்தையும் குண்டையும் குழலோட வாய் வழியா இடிச்சு இறக்கணும். இவர் துப்பாக்கியில பின்பக்கம் ஒரு கட்டை மேலே தூக்கிக்கும், அதுலேயே போட்டு மூடிடலாம். அந்தக் கட்டையைத் தனியா கழட்டிக் கைத்துப்பாக்கி மாதிரிப் பயன்படுத்தின வீரர்கள்கூட இருந்திருக்காங்க. ஒரே குறை, மூடுற இடத்துல இடுக்கு வழியா வெடிப்புகை கசியும்.

1861 ஏப்ரல்ல உள்நாட்டுப் போர் ஆரம்பிச்சிடுச்சு. அதுக்கு அப்புறமும், ஜூன் மாசம், ராணுவத்தோட ஆயுதத் துறை இந்தக் கார்பைன்களைப் பழசுன்னு தள்ளிவிட ஒத்துக்கிச்சு. துறைத் தலைவர் ஜெனரல் ரிப்ளி. வாங்கினவர் ஆர்தர் ஈஸ்ட்மன். விலை ஒண்ணு மூணரை டாலர். போர் நடக்கும்போது துப்பாக்கியை விற்கிறாங்களான்னு நமக்குத் தோணும். ரிப்ளிக்குப் புதுவகைத் துப்பாக்கிகள் மேலேயே நம்பிக்கை கம்மி, இதுவோ அதுலயும் பழசு.

ஈஸ்ட்மன்கிட்ட ஒப்பந்தம் இருந்தது, பணம் இல்லை. அதனால துப்பாக்கி எல்லாம் நியூயார்க்ல அரசாங்கக் கிடங்கிலேயே தூங்கிட்டிருந்தது. ஆகஸ்ட் ஆரம்பத்துல சைமன் ஸ்டீவன்ஸ்னு ஒருத்தர் வந்து, ஒண்ணு பன்னிரண்டரை டாலர்னு எடுத்துக்கறேன்னு பேசி முடிச்சார். அவர்கிட்டயும் பணம் இல்லை! ஆனா யாருக்கு இது அவசரமா வேணும்னு அவருக்குத் தெரியும்.

அந்த ஆள் ஜெனரல் ஜான் ஃப்ரீமான்ட். 1856-ல ஜனாதிபதி தேர்தல்ல நின்னு தோத்தவர், அதுக்கு முன்னாடி மேற்குப் பகுதிகளை ஆராய்ஞ்சு பேர் வாங்கினவர். இப்ப செயின்ட் லூயிஸ்ல மேற்குப் படைகளுக்குத் தலைவர். ஜூலை கடைசியிலதான் பொறுப்பேத்திருந்தார். புல் ரன்ல வடக்குப் படை தோத்து சுமார் ரெண்டு வாரம்தான் ஆகியிருந்தது. மிசௌரி மாநிலம் கொதிச்சுக்கிட்டிருக்கு, வீரர்கள் வந்து குவியறாங்க, கையில கொடுக்க ஆயுதம் இல்லை. ஸ்டீவன்ஸ் தந்தி அடிச்சார்: சுருள்வரி வெட்டின ஹால் கார்பைன் 5,000 இருக்கு, ஒண்ணு 22 டாலர். அனுப்புன்னு பதில் வந்துடுச்சு.

சுருள்வரின்னா, குழலுக்கு உள்ளே வெட்டுற திருகு மாதிரியான பள்ளம். குண்டு சுழன்டு நேரா போகும். இதுக்கு ஆன கூலி துப்பாக்கிக்கு ஒரு டாலருக்குள்ளதான்.

ஃப்ரீமான்டோட பதில் கையில வந்த பிறகுதான் ஸ்டீவன்ஸ் கடன் வாங்கப் போறார். கொடுத்தவர் 24 வயசு இளைஞர், 20,000 டாலர் கொடுத்தார். பேரு ஜே. பி. மார்கன். ஆமா, அந்த மார்கன்தான். அந்தப் பணத்துலேர்ந்து 17,486 டாலர் ஆயுதத் துறைக்குப் போச்சு, துப்பாக்கி கிடங்கை விட்டு வெளியே வந்தது. எண்ணிப் பார்த்தா 4,996 துப்பாக்கி. 22 டாலர்னு பெருக்கினா 1,09,912 டாலர். முதல் நாள் அந்தத் தொகைக்கு வாங்கிக்கறேன்னு ஒத்துக்கிட்ட சரக்கை, அடுத்த நாள் அதே அரசாங்கம் 17,486-க்கு வித்திருக்கு. கடைத் தேங்காயை எடுத்து வழிப்பிள்ளையாருக்கு உடைக்கிறதும்பாங்க. இங்க அந்தத் தேங்காயைக் கடைக்காரருக்கே வித்துட்டாங்க.

செப்டம்பர்ல முதல் பாதிச் சரக்குக்குப் பணம் வந்தது. மார்கன் தன் கடன், செலவு, வட்டி, கமிஷன் எல்லாம் எடுத்துக்கிட்டு ஒதுங்கிட்டார். கமிஷன் மட்டும் சுமார் 5,400 டாலர். ஒரு மாசத்துக்குக் கொஞ்சம் அதிகமான காலத்துக்கு! ரெண்டாவது பாதிக்குப் பணம் வர்றதுக்குள்ள நாடாளுமன்றக் குழு மோப்பம் பிடிச்சு, பணத்தை நிறுத்தச் சொல்லிடுச்சு.

இதுக்கு அப்புறம் நடந்த வாதம்தான் எனக்கு ரொம்பப் பிடிச்ச பகுதி. நியாயமான விலை எதுன்னு மூணு இடத்துல மூணு பதில். குழுவைப் பொறுத்தவரை இது பகல்கொள்ளை, அரசுக்கு 92,426 டாலர் நஷ்டம். 1862-ல ஹோல்ட், ஓவன் ரெண்டு பேரும் ஆணையமா உட்கார்ந்து, துப்பாக்கிக்கு 13 டாலருக்குக் கொஞ்சம் மேலன்னு நிர்ணயிச்சாங்க. ஸ்டீவன்ஸ் வழக்கு போட்டார். சில வருஷம் கழிச்சு உரிமைகோரல் நீதிமன்றம் வேற மாதிரி சொல்லிச்சு: ஜெனரல் வாங்க ஒத்துக்கிட்டார், நீ சரக்கைக் கொடுத்துட்ட, அப்ப பேசின விலை பேசின விலைதான். மீதிப் பணமும் வந்துடுச்சு.

என்னைக் கேட்டா, 22 டாலர் அன்னைக்குச் சந்தையில நம்ப முடியாத விலை இல்லை. நல்ல ஷார்ப்ஸ் கார்பைன் 30 டாலருக்குப் போயிட்டிருந்தது. தப்பான விலை அந்த மூணரை டாலர்தான். ரிப்ளி ஒரு டாலர் செலவு பண்ணிச் சுருள்வரி வெட்டி செயின்ட் லூயிஸுக்கு ரயில்ல அனுப்பியிருந்தா கதையே இல்லை. ஒரே அரசாங்கத்தோட ரெண்டு கை. கிடங்குல என்ன இருக்குன்னு ஒரு கைக்குத் தெரியும், களத்துல என்ன வேணும்னு இன்னொரு கைக்குத் தெரியும். நடுவுல இருந்த தூரத்தைத்தான் ஸ்டீவன்ஸ் வித்தார். மார்கனுக்கு ஒண்ணும் தெரியாதுங்கிற வாதத்தையும் என்னால நம்ப முடியலை. பணம் போன இடமும் ராணுவம், பணம் வரப்போற இடமும் ராணுவம்.

இன்னொரு விஷயம். இணையத்துல இந்தக் கதையைத் தேடினா, சுட்ட வீரர்களோட கட்டைவிரலையே பிய்ச்சு எறிஞ்ச ஓட்டைத் துப்பாக்கிகளை மார்கன் வித்தார்னு வரும். கஸ்டாவஸ் மையர்ஸ் 1910-ல அமெரிக்கப் பணக்காரர்களைப் பத்தி எழுதின புத்தகம் மார்கனை இந்தக் கதையோட வில்லனாக்கின பிறகு, ஒருத்தரைப் பார்த்து ஒருத்தர் எழுதி வளர்ந்தது இது. புகை கசியும், உண்மை. விரல் போன கதை வேற.

அதை 1941-ல ஆவணங்களைப் புரட்டி மறுத்து ஒரு புத்தகம் போட்டவர் கார்டன் வாசன், மார்கன் வங்கியிலேயே வேலை பார்த்தவர். அதனால அவர் முடிவுகளைக் கொஞ்சம் உப்புப் பார்த்துத்தான் சாப்பிடணும், ஆனா கணக்கு வழக்கு எல்லாம் தோண்டி எடுத்திருக்கார். இதே வாசன்தான் 1957-ல மெக்சிகோ மலைகள்ல போதைக் காளான் சாப்பிட்ட அனுபவத்தை லைஃப் இதழ்ல எழுதி உலகத்தையே அந்தப் பக்கம் திருப்பினவர். அந்தக் காளான் கதையை வேற ஒரு எபிசோட்ல பார்க்கலாம்.