இந்தோனேசியா கற்பித்த மொழிப் பாடம்



கற்பிக்கச் சென்ற ஒருவன் கற்றுத் திரும்பிய வரலாற்றை இன்று உங்களுக்குக் கூற விரும்புகின்றேன். 2016 ஆம் ஆண்டில், இந்தோனேசிய நாட்டிலுள்ள ஆங்கில ஆசிரியர்களுக்குப் பயிற்சி முகாம் நடத்த வருமாறு எனக்கு அழைப்பு வந்தது. முப்பது ஆண்டுகள் ஆங்கிலம் கற்பித்தவன் என்பதைத் தவிர வேறு சிறப்பு எனக்கில்லை. பயணப் பெட்டியில் பாடக் குறிப்புகளை அடுக்கியபோது, அவற்றோடு ஒரு சிறு தகர உண்டியலையும் எடுத்து வைத்தேன். அந்த உண்டியலைப் பற்றி முதலில் சொல்லிவிட வேண்டும்.

நான் சிறுவனாய்ப் படித்த பள்ளியில், ஆங்கில வகுப்பில் எவன் வாயிலிருந்தேனும் தமிழ்ச் சொல் ஒன்று விழுந்தால் ஐந்து காசு தண்டம். ஆசிரியர் மேசைமீது ஒரு தகர உண்டியல் இருக்கும். என் தந்தையார் கைத்தறி நெசவாளர். ஐந்து காசு எங்கள் வீட்டில் பெரிய தொகை. ஆகவே நான் அவ்வாண்டு முழுவதும் அந்த வகுப்பில் வாயே திறக்கவில்லை. அடக்கமுள்ள பிள்ளை என்று ஆசிரியர் என்னைப் பாராட்டினார். பின்னாளில் நானே ஆசிரியன் ஆனபோது, அதே முறையைத்தான் கைக்கொண்டேன். தாம் பட்ட துன்பத்தையே பயன் என்று எண்ணிக்கொள்வது மனித இயல்பு போலும்!

இந்தோனேசியா பதினேழாயிரத்துக்கும் மேற்பட்ட தீவுகளைக் கொண்ட நாடு. அங்கு எழுநூறுக்கும் மேற்பட்ட மொழிகள் வழங்குகின்றன. நம் மணிமேகலைக் காப்பியம் சாவக நாடு என்று பேசுவது இத்தீவுப் பகுதியையே. சோழன் இராசேந்திரனின் கப்பற்படை 1025 இல் இப்பகுதியை ஆண்ட ஸ்ரீவிஜயப் பேரரசைத் தாக்கியது. படை சென்ற வழியிலேயே வணிகமும் சென்றது. சுமத்திராவின் பாருஸ் என்னும் துறைமுகத்தருகே 1088 ஆம் ஆண்டைச் சேர்ந்த தமிழ்க் கல்வெட்டொன்று கிடைத்திருக்கின்றது. திசையாயிரத்து ஐநூற்றுவர் என்னும் வணிகக் குழுவினர் பொறித்த கல்வெட்டு அது. கப்பல், கடை, பெட்டி ஆகிய நம் சொற்கள் இன்றும் அந்நாட்டினர் நாவில் 'கப்பால்', 'கெடை', 'பெத்தி' என உலவுகின்றன.

என் முதல் முகாம் ஜாவாத் தீவின் நடுப்பகுதியிலுள்ள யோக்யகர்த்தா நகரில் நடைபெற்றது. நாற்பது ஆசிரியர்கள் வந்திருந்தனர். ஆசிரியரை அங்கே 'பாக் குரு' என்றும், ஆசிரியையை 'இபு குரு' என்றும் அழைக்கின்றனர். 'பாக்' என்றால் தந்தை. 'இபு' என்றால் தாய். என்னையும் அவர்கள் 'பாக்' என்றே அன்போடு அழைத்தனர். நானோ முதல் நாளே உண்டியலை மேசைமீது வைத்தேன். இம்முகாமில் ஆங்கிலம் அன்றி வேறு மொழி பேசுவோர் ஐந்நூறு ரூப்பியா நாணயம் ஒன்றை இதில் இடவேண்டும் என்று அறிவித்தேன். அனைவரும் புன்னகை புரிந்தனர். எவரும் மறுத்துரைக்கவில்லை.

இரண்டு நாட்கள் கழிந்தன. உண்டியலில் ஒரு நாணயமும் விழவில்லை. என் விதி வென்றது என்று நான் மகிழ்ந்திருக்கலாம். ஆயினும் அவர்கள் தம் மொழியையும் பேசவில்லை; ஆங்கிலமும் பேசவில்லை. வினா எழுப்பினால் தலை குனிந்தனர். விடை கேட்டால் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டனர். இவர்களுக்கு ஆங்கில அறிவு போதாது என்று நான் முடிவு கட்டினேன்.

இரண்டாம் நாள் மாலையில், ஓய்வு பெறும் வயதை நெருங்கிய இபு குரு ஒருவர் என்னிடம் வந்தார். தூய ஆங்கிலத்தில் மெல்லிய குரலில் பேசினார். "பாக், எங்கள் பிள்ளைகள் வீட்டில் பேசுவது ஜாவா மொழி. பள்ளியில் பயில்வது இந்தோனேசிய மொழி. ஆங்கிலம் அவர்களுக்கு மூன்றாம் மொழி. உலகில் 'அவன்', 'அவள்' என்று இரண்டு சொற்கள் வேண்டும் என்பதே அவர்களுக்குப் புதுமை. எங்களுக்கு இருவரையும் குறிக்க 'தியா' என்னும் ஒரு சொல்லே உண்டு. வினைச்சொல் காலத்திற்கேற்ப உருமாறும் என்பதும் புதுமை. எங்கள் மொழியில் 'நேற்று', 'முன்பே', 'இனி' என்று ஒரு சொல்லைச் சேர்த்தால் காலம் விளங்கிவிடும். இத்தனையையும் தாண்டி வருபவன் பிழை செய்யாமல் எப்படிப் பேசுவான்?" என்றார். பிறகு உண்டியலைச் சுட்டி, "ஜகார்த்தாவில் கிராமத் சாலையில் 106 ஆம் எண்ணுள்ள வீடு ஒன்று உண்டு. 1928 இல் அந்த வீட்டில் இப்படி ஒரு உண்டியல் இருந்திருந்தால், எங்களுக்கு ஒரு தேசிய மொழியே கிடைத்திராது" என்று கூறி விடைபெற்றார்.

அவர் சொல்லின் பொருள் விளங்க வேண்டுமாயின், அந்நாட்டு மொழி வரலாற்றைச் சற்றே அறிந்திருத்தல் வேண்டும்.

சுமத்திராவின் பலெம்பாங் நகருக்கருகே 1920 இல் ஒரு கல்வெட்டு கண்டெடுக்கப்பட்டது. அது கி.பி. 683 ஐச் சார்ந்தது. அதன் எழுத்து பல்லவ எழுத்து. அதன் மொழி பழைய மலாய். ஸ்ரீவிஜயம் கடல் வணிகத்தால் வளர்ந்த அரசு. அதன் துறைமுகங்களிலிருந்து மலாய் மொழி தீவு தீவாகப் பரவியது. அங்கே அயல்மொழிக் கல்வியும் சிறந்திருந்தது. யீ சிங் என்னும் சீனத் துறவி 671 இல் இந்தியாவுக்குப் புறப்பட்டவர். வழியில் ஸ்ரீவிஜயத்தில் ஆறு திங்கள் தங்கி வடமொழி இலக்கணம் பயின்றார். இந்தியா செல்ல விரும்பும் துறவியர் முதலில் அங்கே தங்கிக் கற்பது நலம் என்றும் எழுதி வைத்தார். மொழிப் பயிற்சி முகாம் என்பது அந்நாட்டுக்கு நான் கொண்டு சென்ற புதுமை அன்று. ஆயிரத்து முந்நூறு ஆண்டுப் பழமை அது!

பின்னர் டச்சுக்காரர் வந்தனர். 1619 இல் இன்றைய ஜகார்த்தாவைக் கைப்பற்றிப் பத்தாவியா எனப் பெயரிட்டனர். இந்தியாவில் ஆங்கிலேயர் 1835 க்குப் பின் தம் மொழியைக் கல்விக்கூடங்களில் பரப்பினர். டச்சுக்காரரோ நெடுங்காலம் தம் மொழியை மக்களுக்குக் கற்பிக்க விரும்பவில்லை. மக்களோடு மலாய் மொழியிலேயே ஆட்சி நடத்தினர். டச்சு மொழி உயர்குடியினர் சிலருக்கே கிட்டியது. அச்சிலரும் அதனை வீணாக்கவில்லை. ஜெப்பாரா நகரில் உயர்குடியில் பிறந்த கார்த்தினி என்னும் பெண்மணி, பெண்கல்விக்காகத் தம் ஏக்கத்தை டச்சு மொழியிலேயே கடிதங்களாக வடித்தார். அவர் மறைவுக்குப் பின் 1911 இல் அவை நூலாக வெளிவந்தன. சுவர்டி சூர்யனிங்ராட் என்பார், ஆட்சியாளரைக் கண்டித்து 1913 இல் டச்சு மொழியிலேயே கட்டுரை எழுதி நாடு கடத்தப்பட்டார். பின்னாளில் கி ஹஜார் தேவந்தாரா எனப் புகழ்பெற்ற இவரே, 1922 இல் யோக்யகர்த்தாவில் தமான் சிஸ்வா என்னும் தேசியப் பள்ளியை நிறுவியவர்.

விடுதலை வேட்கை வளர்ந்தபோது, நாட்டுக்கு எது பொதுமொழி என்னும் வினா எழுந்தது. மக்களில் ஏறத்தாழப் பாதிப் பேர் ஜாவா மொழியினர். அம்மொழி பழமையான இலக்கிய வளம் உடையது. ஆயினும் அதில் ஒரு இடர்ப்பாடு உண்டு. பேசுவோன், கேட்போன் ஆகியோரின் தகுதிக்கேற்பச் சொற்களே மாறிவிடும். உண்ணுதல் என்னும் ஒரு செயலுக்கே, ஒத்தாரிடம் 'மஙான்' என்றும், பணிவுரையில் 'நெதா' என்றும், உயர்ந்தோர் உண்பதைக் குறிக்கத் 'தஹார்' என்றும் வெவ்வேறு சொற்கள் வேண்டும். மலாய் மொழியோ, சிறுபான்மையினரின் தாய்மொழி. ஆனால் எல்லாத் துறைமுகத்திலும் எல்லாச் சந்தையிலும் அறியப்பட்ட மொழி. பெரும்பான்மையினர் தம் மொழியே வேண்டும் என்று வற்புறுத்தவில்லை. உலக வரலாற்றில் அரிதாகக் காணும் பெருந்தன்மை இது.

1926 இல் நடந்த முதல் இளைஞர் மாநாட்டில், முகம்மது யாமின் என்னும் இளைஞர் பொதுமொழியை மலாய் என்றே குறித்தார். பிறக்கவிருக்கும் தேசம் இந்தோனேசியாவாயின், அதன் மொழியும் இந்தோனேசிய மொழி என்றே வழங்க வேண்டும் என்றார் தப்ரானி என்னும் மற்றோர் இளைஞர். 1928 அக்டோபர் 27, 28 ஆம் நாட்களில் பத்தாவியாவில் இரண்டாம் மாநாடு கூடியது. அதன் இறுதி அமர்வு நடந்த இடமே கிராமத் சாலை இல்லம். அங்கே இளைஞர் மூன்று உறுதிகள் பூண்டனர்: ஒரே தாயகம், ஒரே தேசம், ஒற்றுமைக்குரிய மொழியாகிய இந்தோனேசிய மொழியைப் போற்றுதல். மூன்றாவதைக் கூர்ந்து நோக்குங்கள். ஒரே மொழிதான் உண்டு என்று அவர்கள் கூறவில்லை. ஒற்றுமை மொழியைப் போற்றுவோம் என்றே கூறினர். வீட்டு மொழிகளுக்கு அதில் தடையில்லை.

இப்பொழுது இபு குரு சொன்னதன் உட்பொருளுக்கு வருகின்றேன். உறுதி பூண்ட இளைஞர் பலருக்கு அம்மொழி சரளமாக வரவில்லை! டச்சுப் பள்ளிகளில் பயின்ற அவர்களுக்கு டச்சு மொழியே எளிதாயிருந்தது. மாநாட்டுத் தலைவர் சுகொண்டோ இந்தோனேசிய மொழியில் நடத்த முயன்று தடுமாறினார். சித்தி சுந்தாரி என்னும் மங்கை டச்சு மொழியில் உரையாற்ற, யாமின் அதனை மொழிபெயர்த்தார். அதே மங்கை, இரண்டு திங்கள் கழித்து, யோக்யகர்த்தாவில் டிசம்பரில் நடந்த பெண்கள் மாநாட்டில் இந்தோனேசிய மொழியிலேயே பேசினார். தடுமாறுவதற்கு அவர்கள் நாணவில்லை. நாணியிருந்தால் டச்சு மொழியிலேயே நின்றிருப்பர்.

1942 இல் ஜப்பானியர் அந்நாட்டைக் கைப்பற்றி டச்சு மொழியைத் தடை செய்தனர். ஜப்பானிய மொழியை ஒரே நாளில் பரப்ப இயலாமையால், இந்தோனேசிய மொழியே அலுவலகங்களிலும் பள்ளிகளிலும் புகுந்தது. கலைச்சொல் ஆக்கக் குழுவும் அவ்வாண்டிலேயே அமைந்தது. 1945 இல் விடுதலை அறிவிக்கப்பட்டதும், அரசியலமைப்பின் 36 ஆம் பிரிவு அதனை அரசு மொழி ஆக்கியது. உறுதிமொழிக்கும் அரசுரிமைக்கும் இடையே பதினேழே ஆண்டுகள்!

விடுதலைக்குப் பின் பள்ளிகளில் முதன்மை அயல்மொழியாக ஆங்கிலம் அமர்ந்தது. 1950 களில் ஆங்கில ஆசிரியர்களைப் பயிற்றும் மையங்கள் யோக்யகர்த்தாவிலும் புக்கித்திங்கியிலும் எழுந்தன. 1955 ஏப்ரலில் பாண்டுங் நகரில் இருபத்தொன்பது நாடுகள் கூடிய ஆசிய ஆப்பிரிக்க மாநாட்டைச் சுகர்ணோ ஆங்கிலத்திலேயே உரையாற்றித் தொடங்கி வைத்தார். அம்மண்டபம் முன்பு டச்சுக்காரரின் கேளிக்கை மன்றமாக இருந்தது. அயல்மொழியை அஞ்சாமலும் அடிமைப்படாமலும் கையாண்டதற்கு இதனினும் நல்ல சான்று வேண்டுமோ?

அன்றிரவு எனக்கு உறக்கம் வரவில்லை. ஐந்து காசுக்கு அஞ்சி ஓராண்டு ஊமையாயிருந்த சிறுவன் என் கண்முன் நின்றான். அவனை வாட்டிய உண்டியலைக் கடல் கடந்து சுமந்து வந்து நாற்பது பேர் முன் வைத்தவன் நானே அல்லவா? அந்நாற்பது பேரும் தத்தம் ஊருக்குத் திரும்பித் தத்தம் வகுப்பில் ஓர் உண்டியலை வைத்தால், எத்தனை குழந்தைகளின் வாய் அடைபடும்!

மறுநாள் காலை உண்டியலை மேசையிலிருந்து எடுத்தேன். முகாமினரிடம் மன்னிப்புக் கேட்டு, என் பள்ளிக் கதையையும் கூறினேன். பின்பு, "நீங்கள் வகுப்பில் சந்திக்கும் இடர்களை முதலில் உங்கள் மொழியில் கூடிப் பேசுங்கள், பிறகு குழுவுக்கு ஒருவர் ஆங்கிலத்தில் எனக்குச் சொல்லுங்கள்" என்றேன். சில நொடி அமைதி. அதன்பின் எழுந்த ஒலி, மழைக்குப் பின் குளக்கரையில் எழும் ஒலி போலிருந்தது! அவர்கள் அறிவில் குறையில்லை. என் முறையிலேதான் குறை இருந்தது. ஆங்கிலத்தில் எடுத்துரைத்தபோது பிழைகள் இருந்தன. ஒவ்வொரு பிழையும் அவர்தம் தாய்மொழி எங்கே ஆங்கிலத்தோடு வேறுபடுகின்றது என்பதை எனக்குக் காட்டியது. எஞ்சிய நாட்களின் பாடம் அப்பிழைகளிலிருந்தே எழுந்தது. ஆசிரியன் முன்னே நிற்கும்போது எடுத்துக்காட்டாகவும், இடையே நிற்கும்போது ஊக்கமாகவும், பின்னே நிற்கும்போது துணையாகவும் இருத்தல் வேண்டும் என்பது தேவந்தாராவின் கொள்கை. பின்னே நிற்பது எப்படி என்பதை அவருடைய ஊரிலேதான் நான் கற்றேன்.

திரும்பும் வழியில் ஜகார்த்தாவில் கிராமத் சாலை இல்லத்துக்குச் சென்றேன். இப்பொழுது அது அருங்காட்சியகம். அங்கே ஒரு பழைய வயலின் வைக்கப்பட்டிருக்கின்றது. சுப்ரத்மான் என்னும் இளைஞர், பின்னர் நாட்டுப் பண்ணாக விளங்கிய இசையை, காவலர் கண்காணிப்பின் காரணமாகச் சொற்களின்றி வாசித்த வயலின் அது. சொல்லத் தடை இருந்தபோதும் அவர்கள் வாய் மூடி அமரவில்லை. அதன் முன் நெடுநேரம் நின்றேன்.

தகர உண்டியலை யோக்யகர்த்தாவிலேயே விட்டு வந்தேன். எழுதுகோல்கள் இட்டு வைக்கப் பயன்படும் என்று இபு குரு வாங்கிக்கொண்டார்.

மாணவ மாணவியரே! உங்களுள் பலர் பிழை நேருமே என்று அஞ்சி வகுப்பில் வாய் திறவாதிருக்கின்றீர்கள் என்பதை நான் அறிவேன். இனி அஞ்ச வேண்டா. பிழையோடு பேசத் துணிந்த இளைஞர்களால் ஒரு நாட்டின் மொழியே வளர்ந்தது. உங்கள் தாய்மொழி எந்த மொழியைக் கற்பதற்கும் உங்களுக்குத் தடையன்று, ஊன்றுகோல். அதனை ஊன்றி எழுந்து, நாளைய வகுப்பில் ஒரு வாக்கியமேனும் பேசுங்கள்.