நத்தம் கணவாயும் ஒரு பாதிரியாரின் வார்த்தையும்

இன்னைக்கு என் ஊர்லேர்ந்து ஆரம்பிக்கிறேன்.

எனக்குச் சொந்த ஊர் நத்தம், திண்டுக்கல் மாவட்டம். இப்போ மதுரையிலிருந்து கிளம்பினா, ஏழு கிலோமீட்டருக்கு மேல நீளுற பறக்கும் பாலத்துல ஏறி இறங்கி, ஒரு பாட்டு பிளேலிஸ்ட் முடியறதுக்குள்ள ஊருக்கு வந்துடலாம். சின்ன வயசுல அப்படி இல்லை. ராத்திரி கடைசி பஸ்ஸில் வரும்போது என் அப்பத்தா பக்கத்துல உட்கார்ந்து சொல்லும்: "கணவாய் தாண்டுற வரைக்கும் கண்ண மூடாதடா." ஏன்னு கேட்டா பதில் வராது. அதுக்கு அதோட அம்மா சொன்னது, அவ்வளவுதான்.

பின்னாடி வரலாறு படிக்கும்போதுதான் எனக்கு ஒரு பதில் கிடைச்சது. 1755-ம் வருஷம். ஆற்காடு நவாப்புக்காக வரி வசூலிக்க, கர்னல் ஹெரான் தலைமையில் கிழக்கிந்தியக் கம்பெனிப் படை மதுரைக்கும் திருநெல்வேலிக்கும் வந்தது. மதுரைக்குப் பக்கத்தில் இருக்கும் திருமோகூர் கோயிலுக்குள் புகுந்து, சாமி சிலைகளைத் தூக்கிக்கொண்டு போனது. பணம் கொடுத்தால் திருப்பித் தருகிறோம் என்று பேரம் வேறு. மே மாதக் கடைசியில் அந்தப் படை திருச்சிக்குத் திரும்பும்போது நத்தம் கணவாய் வழியாகத்தான் போக வேண்டியிருந்தது. இரண்டு பக்கமும் அடர்ந்த காடு, நடுவில் ஒடுங்கிய பாதை. அங்கே கள்ளர் நாட்டு மக்கள் காத்திருந்தார்கள். பீரங்கி, துப்பாக்கி எதுவும் உதவவில்லை. படைக்குப் பெரிய சேதம். தங்கள் சாமிகளை மீட்டுக்கொண்டு அவர்கள் போய்விட்டார்கள். ஹெரான் மீது ராணுவ விசாரணை நடந்து, வேலையும் போனது.

இந்தக் கதையில் என்னைப் பிடிச்சு நிறுத்துறது ஒரு விஷயம். யார்கிட்ட துப்பாக்கி இருந்ததோ, அவங்கதான் அந்தப் பாதையில் நடுங்கிக்கிட்டே நடந்தாங்க. தப்பு செஞ்சவனுக்கு ஒவ்வொரு மரமும் எதிரியாத் தெரியும்.

இதே தென்னாட்டில், இருபத்து நாலு வருஷம் கழிச்சு, வேறொரு ஐரோப்பியர் ஆயுதம் இல்லாமல் எதிரியின் தலைநகருக்கே போனார். அவர் பெயர் கிறிஸ்டியன் பிரெடரிக் சுவார்ட்ஸ். அந்தக் காலத்து ஜனங்களுக்கு 'சுவார்ட்ஸ் ஐயர்'. அவருக்கு அந்தத் தைரியம் எங்கிருந்து வந்தது? இதைப் புரிஞ்சுக்க நாம கொஞ்சம் ஜெர்மனி வரைக்கும் போயிட்டு வரணும்.

1505 ஜூலை. மார்ட்டின் லூதர் என்ற சட்டக் கல்லூரி மாணவர், ஸ்டோட்டர்ன்ஹைம் என்ற ஊருக்குப் பக்கத்தில் இடி மின்னலில் மாட்டிக்கொள்கிறார். உயிர் பயத்தில், பிழைத்தால் துறவியாகிறேன் என்று நேர்ந்துகொள்கிறார். பிழைத்தார், துறவியும் ஆனார். ஆனால் பயம் மட்டும் போகவில்லை. நோன்பு, ஜெபம், மணிக்கணக்கில் பாவ அறிக்கை. எவ்வளவு செய்தாலும், 'இது போதுமா?' என்ற கேள்வி நிற்கவில்லை.

அவரை அதிகமாகப் பயமுறுத்தியது பைபிளில் வரும் ஒரு சொல். நம்ம தமிழ் பைபிளில் அதை 'நீதி' என்று படிக்கிறோம். நீதின்னா நமக்கு என்ன ஞாபகம் வருது? நீதிமன்றம், நீதிபதி, தீர்ப்பு. லூதருக்கும் அப்படித்தான் கேட்டது. கடவுளின் நீதி என்றால், கடவுள் தன்னை எடைபோட்டுத் தண்டிக்கப்போகிறார் என்று. அந்தச் சொல்லையே வெறுத்ததாக அவர் பிற்காலத்தில் எழுதியிருக்கிறார்.

பிறகு ரோமருக்கு எழுதிய நிருபத்தைத் திரும்பத் திரும்பப் படித்ததில் ஒரு திருப்பம் வந்தது. அந்த நீதி கடவுள் மனுஷனிடம் கேட்கிற கணக்கு கிடையாது, அவர் இலவசமாகக் கொடுக்கிறது என்று அவருக்குப் புரிந்தது. அந்த இலவசத்துக்குப் பெயர்தான் கிருபை. பரீட்சை எழுதி பாஸானால் ஏற்றுக்கொள்வேன் என்பது ஒரு உறவு. முதலில் ஏற்றுக்கொண்டுவிட்டேன், இனி பயமில்லாமல் எழுது என்பது இன்னொரு உறவு. லூதர் முதலாவதிலிருந்து இரண்டாவதுக்கு வந்து சேர்ந்தார். 1995-ல் வந்த 'திருவிவிலியம்' பொது மொழிபெயர்ப்பு இந்த இடங்களில் 'ஏற்புடையவர்' என்ற சொல்லை எடுத்தாள்கிறது. தமிழ்க் காதுக்கு அந்த அர்த்தம் இன்னும் தெளிவாகக் கேட்கும்.

இந்தச் செய்திதான் 1706-ல் சீகன்பால்கு, புளூட்சாவ் இருவரோடு கப்பலேறித் தரங்கம்பாடிக்கு வந்தது. 1715-ல் தமிழில் புதிய ஏற்பாடு அச்சானது. அந்த வழியில்தான் 1750-ல் சுவார்ட்ஸும் வந்தார். பிரஷ்யாவில் பிறந்தவர், ஹாலே பல்கலைக்கழகத்தில் படித்தவர். தமிழ் நன்றாகப் பேசுவார். மராத்தி, பாரசீகமும் தெரியும். கல்யாணம் செய்துகொள்ளவில்லை. பல வருஷம் திருச்சி, பிறகு 1778-லிருந்து தஞ்சாவூர்.

1779. ஹைதர் அலியோடு போர் வரும்போல இருந்தது. சென்னை கவர்னர் ரம்போல்டு சமாதானம் பேச ஆள் தேடினார். கம்பெனிக்காரர்கள் யாரையும் ஹைதர் நம்பத் தயாராக இல்லை. அந்தப் பாதிரியாரை அனுப்புங்கள், அவர் என்னை ஏமாற்றமாட்டார் என்று அவர் சொன்னதாகப் பதிவு இருக்கிறது. சுவார்ட்ஸ் ஸ்ரீரங்கப்பட்டணம் போனார். ஹைதர் பக்கத்தில் உட்கார்ந்து பேசினார். திரும்பும்போது செலவுக்கென்று ஹைதர் 300 ரூபாய் கொடுத்தனுப்பினார். அவர் அதைச் சென்னை அரசாங்கத்திடமே ஒப்படைத்தார். அவர்கள் வாங்கவில்லை என்றதும், பிள்ளைகளின் பள்ளிக்கூடத்துக்குக் கொடுத்துவிட்டார்.

சமாதானம் வந்ததா? வரவில்லை. கம்பெனியின் சொல் ஒன்று, செயல் ஒன்று. 1780-ல் ஹைதரின் படை ஆற்காட்டுச் சீமைக்குள் இறங்கிவிட்டது. அந்தப் போருக்கு நடுவிலும், சுவார்ட்ஸை யாரும் தொடக்கூடாது, போக விடுங்கள் என்று ஹைதர் தன் ஆட்களுக்கு உத்தரவு போட்டிருந்தார்.

அடுத்து நடந்ததுதான் எனக்கு ரொம்ப முக்கியமாப் படுது. போரில் தஞ்சாவூர்க் கோட்டைக்குள் பஞ்சம். வெளியே கிராமங்களில் நெல் இருந்தது. கொண்டுவர மாடு கிடைக்கவில்லை. ஏற்கெனவே கொடுத்தவர்களுக்குக் காசு போய்ச் சேரவில்லை என்பதால் ராஜாவையும் நம்பமாட்டார்கள், வெள்ளைக்காரர்களையும் நம்பமாட்டார்கள். சுவார்ட்ஸ் ஊர்களுக்கு ஆள் அனுப்பினார்: என் கையால் நானே காசு தருகிறேன். சில நாளில் 1,000 மாடுகள் வந்தன. 80,000 கலம் நெல் கோட்டைக்குள் சேர்ந்தது. சொன்னபடி காசும் கொடுத்தார்.

பின்னொரு சமயம், வரிக்கொடுமை தாங்காமல் குடியானவர்கள் ஊரைவிட்டே ஓடிவிட்டார்கள். நியாயம் கிடைக்கும் என்று சுவார்ட்ஸ் வாக்குக் கொடுத்ததும், ஒரே நாளில் 7,000 பேர் திரும்பி வந்ததாக அவருடைய கடிதம் சொல்கிறது.

யோசிச்சுப் பாருங்க. 'நீதி'ங்கிற சொல் இங்கே மூணாவது அர்த்தம் எடுக்குது. தண்டிக்கிற நீதி இருக்கு, கடவுள் கொடுக்கிற நீதி இருக்கு. அதை வாங்கிக்கிட்ட ஒருத்தர் மத்தவங்களுக்குப் பயமில்லாம ஆக்குற நீதியும் இருக்கு. தன்னை நிரூபிக்க வேண்டிய அவசியம் இல்லாதவருக்கு ராஜாகிட்டயும் கம்பெனிகிட்டயும் நல்ல பேர் வாங்கணும்கிற நெருக்கடி கிடையாது. அதனால ரெண்டு பேருக்கும் உண்மையைச் சொல்ல முடிஞ்சது. நான் இப்படித்தான் புரிஞ்சுக்கிறேன்.

அதுக்காக அவரைக் குறையே இல்லாதவர்னு சொல்லிட்டுப் போக முடியாது. அவருடைய சமாதானப் பயணத்தைக் கம்பெனி தன் வசதிக்குப் பயன்படுத்திக்கொண்டது. தஞ்சாவூர் சபையில் சாதிப்படி தனித்தனியாக உட்காரும் வழக்கத்தை அவர் உடைக்கவில்லை. கிருபை என்றால் யாரும் சம்பாதித்தது இல்லை, எல்லாருக்கும் இலவசம். அப்போ பிறப்பை வைத்து எப்படி வரிசை பிரிப்பது? 1833-ல் பிஷப் டேனியல் வில்சன் அதை நிறுத்தச் சொன்னபோது தஞ்சாவூரில் பெரிய எதிர்ப்பு கிளம்பியது. அந்த வழக்கத்தை ஆதரித்தவர்களில் சுவார்ட்ஸ் வளர்த்த கவிஞர் வேதநாயகம் சாஸ்திரியாரும் ஒருவர். கோட்டைக்கு வெளியே இருந்தவர்களின் பயத்தைப் போக்கியவர், ஆலயத்துக்குள் இருந்த ஒடுக்கப்பட்டவர்களின் மனச்சுமையை முழுசாப் பார்க்கவில்லை. இதையும் சேர்த்துத்தான் நாம் அவரை ஞாபகம் வச்சுக்கணும்.

1798 பிப்ரவரி 13-ல் சுவார்ட்ஸ் இறந்தார். அவரிடம் வளர்ந்த இரண்டாம் சரபோஜி அந்த வருஷமே தஞ்சாவூர் மன்னரானார். சரபோஜி கடைசி வரை கிறிஸ்தவராக மாறவில்லை. ஆனாலும் லண்டன் சிற்பி ஃபிளாக்ஸ்மேனிடம் சொல்லி ஒரு பளிங்குச் சிற்பம் செய்ய வைத்தார். அது இன்னைக்கும் தஞ்சாவூர் சிவகங்கைப் பூங்கா ஆலயத்தில் இருக்கிறது. படுக்கையில் சாகக் கிடக்கும் கிழவர், அவர் கையைப் பிடித்தபடி பக்கத்தில் நிற்கும் இளவரசர். தஞ்சாவூர் போனா ஒரு தடவை பார்த்துட்டு வாங்க.

போன மாசம் ராத்திரி நத்தம் போகும்போது, கணவாய்ப் பக்கம் வண்டியை ஓரமா நிறுத்தினேன். இருட்டு அப்படியேதான் இருந்தது, அப்பத்தா இல்லை. ஹெரானின் படை நினைவுக்கு வந்தது. ஒரு வார்த்தையை நம்பித் திரும்பி நடந்த அந்த 7,000 பேரும் நினைவுக்கு வந்தாங்க. இருட்டுல நடக்க அவங்களுக்கு ஆயுதம் தேவைப்படல. நம்பக்கூடிய ஒருத்தர் போதுமா இருந்தது.

அடுத்த எபிசோடில் சந்திப்போம்.